கேட்கக் கற்பிக்கும் மேற்படிப்பு

100 மாணவர்களோ அதற்கு மேற்பட்டவர்களோ பயிலும் எந்தக் கல்வி நிலையமாயினும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் மனநலத்தில் தக்க பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையோ, மனோதத்துவ அறிஞரையோ, சமூகப் பணியாளரையோ அவசியம் அமர்த்திக்கொள்ள வேண்டும் என்று 2025-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த கட்டளை, இந்நாட்டுக் கல்வியின் சரித்திரத்தில் குறித்து வைக்கத்தக்க ஒரு நிகழ்ச்சியாகும். விசாகப்பட்டினத்தில் தங்கி மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணத்தை ஒட்டி எழுந்த வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகிய இருவரும் அளித்த அத்தீர்ப்பு, 15 வழிகாட்டு நெறிகளை வகுத்து, உரிய சட்டம் இயற்றப்படும் வரையில் அவையே நாடெங்கும் செல்லுபடியாகும் என்று விதித்திருக்கிறது. மதிப்பெண்ணை அளவுகோலாக வைத்து மாணவர்களை வெவ்வேறு வகுப்புகளாகப் பிரிப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்றும், ஆசிரியர்கள் உள்ளிட்ட பணியாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் மனநல முதலுதவிப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் அதில் அடங்கியுள்ள நெறிகள், பெற்ற தாய்தந்தையர் வகுத்தவை போன்ற பரிவுடன் அமைந்துள்ளன.

கட்டளை பிறந்துவிட்டது, அதை நிறைவேற்றத்தக்க மனிதர்கள் எங்கே உருவாகிறார்கள், எவ்விதக் கல்வியினால் உருவாகிறார்கள் என்னும் கேள்வியை மட்டும் நாம் போதிய சிரத்தையுடன் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. ஓர் உத்தியோகம் திடீரென்று சட்டத்தால் அவசியமாக்கப்படும்போது, அந்த உத்தியோகத்துக்குரிய சான்றிதழ்களும் திடீரென்று மலிந்துவிடுவது உலக இயல்பு. வார இறுதி நாட்களில் நடத்தி முடிக்கப்படும் வகுப்புகளும், கணினித் திரையின் வழியே சில வாரங்களில் வழங்கப்படும் பட்டயங்களும் இப்போதே விளம்பரங்களில் பெருகத் தொடங்கியுள்ள இத்தருணத்தில், மாணவர் ஆலோசனை என்பது முழுமையான மேற்பட்டப் படிப்பாக, அதிலும் ஓர் அனுபவசாலியின் நேர்ப் பார்வையில் நெடுநேரம் பழகிப் பெறும் பயிற்சியை மையமாகக் கொண்ட படிப்பாக அமைய வேண்டும் என்பதை வற்புறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதன் அவசியத்தை உணர்த்துவதற்கு நெடிய வாதம் வேண்டியதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர்களின் எண்ணிக்கை 13,044. அதற்கு முந்தைய ஆண்டிலும் அது 13,000-க்குக் குறையவில்லை. இந்த எண்களுக்குள் அடங்காமல், உயிரோடிருந்தும் உள்ளம் சோர்ந்து, உறக்கமிழந்து, காரணம் தெரியாத வயிற்றுவலியும் தலைவலியுமாய்ப் பள்ளிக்கு வந்துபோகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எந்தக் கணக்காலும் அளந்துவிட முடியாது. தம் வம்சத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பெருகியிருப்பது தமிழ்நாட்டின் பெருமைகளுள் ஒன்று. ஆயினும் எந்தப் பாடத்தை எடுப்பது, எந்தப் படிவத்தை நிரப்புவது, தோற்றுவிட்டால் யாரிடம் சொல்வது என்று கேட்பதற்கு வீட்டில் ஒருவரும் இல்லாத நிலையில் தனித்து நிற்பவர்களும் அவர்களே என்பதை மறந்துவிடலாகாது. பெற்றோர் அன்பில்லாதவர்கள் அல்லர். அவர்கள் நடந்திராத பாதையில் பிள்ளை நடக்கிறது.

இந்த அவசியம் இன்று நேற்று உணரப்பட்டதும் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் 1952-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு, அடுத்த ஆண்டில் சமர்ப்பித்த அறிக்கையிலேயே, பயிற்சி பெற்ற வழிகாட்டு அலுவலர்களும் தொழில் வழிகாட்டும் ஆசிரியர்களும் கல்வி நிலையங்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சிபாரிசு செய்திருந்தது. அதன்பின் டாக்டர் டி.எஸ். கோத்தாரியின் தலைமையில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக் குழு, வழிகாட்டுதலும் ஆலோசனையும் கல்வியின் பிரிக்க முடியாத அங்கம் என்றும், அது ஆரம்பப் பள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும் கூறி, உடனடியாக எல்லாப் பள்ளிகளுக்கும் ஆலோசகரை அளிக்க இயலாதெனினும் பத்துப் பள்ளிகளுக்கு ஒருவரையேனும் சுற்றிவரச் செய்யலாம் என்று மிகவும் அடக்கமான ஓர் ஏற்பாட்டையும் எடுத்துரைத்தது. அந்த அடக்கமான ஏற்பாடும் நிறைவேறாமல் இரண்டு தலைமுறைகள் கடந்துவிட்டன. ஆகையால் உச்ச நீதிமன்றத்தின் கட்டளையைப் புதுமை என்று கருதாமல், நெடுநாட்களாகத் தீர்க்கப்படாத கடனை நினைவூட்டும் அறிவிப்பு என்று கருதுவதே முறை.

இனி, அந்தப் படிப்பின் தன்மையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஆலோசனை மனோதத்துவம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளும் நிறுவனங்களும் ஈராண்டு மேற்பட்டப் படிப்பை நடத்தி வருகின்றன. மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952-இல் தோன்றிய சென்னை சமூகப்பணிக் கல்லூரியும், திருப்பெரும்புதூரிலுள்ள ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மனித வளர்ச்சியின் பருவங்கள், ஆளுமையைப் பற்றிய கொள்கைகள், அறிவுத்திறனையும் நாட்டங்களையும் அளக்கும் சோதனைகள், குழுவாக அமர்த்திப் பேசவைக்கும் முறைகள், தொழில் வழிகாட்டல், புள்ளியியல், ஆராய்ச்சிக் கட்டுரை என்று பாடத்திட்டம் விரிந்து செல்லும். 1908-இல் பாஸ்டன் நகரத்தில் இளைஞர்களுக்குத் தொழில் தேர்ந்தெடுக்கத் துணைபுரியும் நிலையத்தைத் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ் முதல், ஆலோசகரின் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிலும் அவருடைய உண்மையான அக்கறையும், நிபந்தனையற்ற மதிப்பும், பிறர் மனத்துள் புகுந்து உணரும் ஆற்றலுமே மாற்றத்தை விளைவிக்கின்றன என்று நிலைநாட்டிய கார்ல் ரோஜர்ஸ் வரையில், இத்துறையை வளர்த்த பெரியோர்களின் கருத்துக்களை மாணவர் கற்கிறார்கள்.

இவையனைத்தும் இன்றியமையாதவையே. எனினும் ரோஜர்ஸின் மூன்று நிபந்தனைகளையும் பரீட்சைத் தாளில் பிழையின்றி எழுதி முதல் வகுப்பில் தேறிய ஒருவர், எதிரில் ஒரு பிள்ளை அழத் தொடங்கியதும் என்ன செய்வதென்று அறியாமல் உபதேசத்தில் இறங்கிவிடக்கூடும். பெரும்பாலும் அப்படித்தான் நேரிடுகிறது. பிறர் துன்பத்தைக் கேட்கும்போது நம் உள்ளத்தில் எழும் சங்கடத்தைத் தாங்கமாட்டாமல், அதை விரைவில் மூடிவிட வேண்டும் என்று விரையும் இயல்பு மனிதர் எல்லாருக்கும் உண்டு. ஆறுதல் என்ற பெயரிலும் அறிவுரை என்ற பெயரிலும் நாம் செய்வது பெரும்பாலும் இந்த மூடுதலே. அந்த இயல்பைக் கண்டறிந்து, அதைக் கட்டுப்படுத்தி, பேசுகிறவர் பேசி முடிக்கும் வரையில் மனம் சிதறாமல் உடனிருக்கும் பழக்கத்தை நூல்கள் தரமாட்டா. சங்கீதம் பயிலும் சிஷ்யன் குருவின் எதிரில் அமர்ந்து பாடிப் பாடித் திருத்தம் பெறுவதைப் போல, வழிநடத்துகிற ஒருவரின் முன்னிலையில் திரும்பத் திரும்பச் செய்து, தவறி, திருத்தப்பட்டே அது வரவேண்டும்.

இத்திருத்தம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதற்கு ஒரு பயிற்சி மாணவியின் பதிவேட்டை உதாரணமாகக் காட்டுகிறேன். ஆளைச் சுட்டும் விவரங்களை நீக்கியும் மாற்றியுமே இதைச் சொல்கிறேன். அந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கமும் மூன்று பத்திகளாகக் கோடிடப்பட்டிருக்கும். இடப்பக்கத்தில் பள்ளிப் பிள்ளை சொன்னது, நடுவில் பயிற்சி மாணவி சொன்னது, வலப்பக்கத்தில் அக்கணத்தில் தன் மனத்தில் ஓடியது என்று, சந்திப்பு முடிந்த அன்றே நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதிவிட வேண்டும் என்பது விதி. ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, புதன்கிழமைதோறும் தலைவலி என்று சொல்லி வகுப்பிலிருந்து வெளியேறிவந்ததால், வகுப்பாசிரியை அவளைப் பயிற்சி ஆலோசகரிடம் அனுப்பியிருந்தார். “ஒண்ணுமில்ல மிஸ், சும்மா தலைவலிதான்” என்று அவள் சொன்னதற்கு, “நீ நல்லாப் படிக்கிற பொண்ணு, எல்லாம் சரியாயிடும்மா, கவலைப்படாத” என்று பயிற்சி மாணவி மறுமொழி கூறியதாக முதற் சந்திப்பின் பதிவு இருந்தது. அவ்வரியின் கீழ், பயிற்சியை மேற்பார்வை செய்யும் பேராசிரியை பென்சிலால் கோடிட்டு, “யாருடைய கவலையைத் தீர்க்க இதைச் சொன்னாய்?” என்று எழுதியிருந்தார்.

அடுத்த சந்திப்பின் பதிவு வேறு விதமாக இருக்கிறது. “போன வாரமும் புதன்கிழமைதானேம்மா வந்த?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பயிற்சி மாணவி காத்திருந்திருக்கிறாள், இடப்பக்கத்தில் ‘மௌனம்’ என்ற ஒரே சொல். அதன்பின் அந்தப் பெண் சொன்னாள்: “அன்னிக்குத்தான் மிஸ் மேத்ஸ் டெஸ்ட் பேப்பர் குடுப்பாங்க. அப்பாகிட்ட கையெழுத்து வாங்கணும். அவரு திட்டல்லாம் மாட்டாரு. ரெண்டு நாள் பேசாம இருந்துடுவாரு.” இதற்கு நேரே வலப்பக்கத்தில், “எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது, கண் கலங்கியது, என்ன கேட்பதென்று தெரியவில்லை” என்று எழுதப்பட்டிருந்தது. பேராசிரியை அன்றைய கலந்தாய்வு நேரம் முழுவதையும் இந்த ஒரு வரிக்கே செலவிட்டார். தன் வீட்டு நினைவுக்கும் எதிரில் இருக்கும் பிள்ளையின் துயருக்கும் இடையே கோடு கிழித்துக்கொள்ளத் தெரியாதவர், அப்பிள்ளையின் தந்தையைப் பற்றித் தம் தந்தையை மனத்தில் வைத்தே முடிவு செய்துவிடுவார் என்பதை அம்மாணவி அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டாள். பின்னர் கணித ஆசிரியையுடன் பேசியும், தந்தையைப் பள்ளிக்கு வரவழைத்து மகளின் முன்னிலையிலேயே பேசவைத்தும் காரியம் ஒருவாறு சீர்ப்பட்டது. அந்தத் தந்தை, தாம் பேசாமல் இருந்தது தம் மகள்மேலுள்ள கோபத்தினால் அன்றென்றும், அவளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தமக்குப் படிப்பில்லையே என்ற வருத்தத்தினாலென்றும் சொன்னார். ஆறுதல் வார்த்தையோடு அந்தப் பெண்ணை வகுப்புக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் இது ஒருநாளும் வெளிவந்திராது.

இத்தகைய பயிற்சி எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும் என்பதற்கு அயல்நாடுகளில் தெளிவான அளவு உண்டு. சோவியத் ரஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியதையடுத்து 1958-இல் அமெரிக்கா இயற்றிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், பள்ளி ஆலோசகர்களைப் பயிற்றுவிப்பதற்கென்றே பொருளுதவி அளித்தது. விண்கல ஆராய்ச்சியில் பின்தங்கிய ஒரு தேசம், தன் பிள்ளைகளின் திறமையைக் கண்டறிந்து வழிகாட்டுவோரையும் உடனே தேடியது என்பது சிந்திக்கத்தக்கது. இன்று அங்கே இத்துறையின் முதுகலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு, 100 மணி நேர முதற்பயிற்சியையும், அதற்குமேல் 600 மணி நேரக் களப்பயிற்சியையும் குறைந்தபட்ச அளவாக விதித்து, அந்த 600-இல் 240 மணி நேரமாவது ஆலோசனை நாடி வந்தவர்களுடன் நேரடியாகச் செலவிட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் இருத்தல் நலம் என்பது அங்குள்ள பள்ளி ஆலோசகர் சங்கத்தின் சிபாரிசு. அந்நாட்டின் பழக்கங்களை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது என்பதை நான் அறிவேன். ஆனால் மனிதரின் மனத்தைக் கையாளும் தொழிலில் ஒருவரை இறக்கிவிடுவதற்கு முன்னால் இத்தனை மணி நேரம் அவர் மேற்பார்வையில் பழகியிருக்க வேண்டும் என்னும் விவேகம் எந்த நாட்டுக்கும் பொதுவானது.

நம் நாட்டிலோ இதில் பெருங்குழப்பம் நிலவுகிறது. மருத்துவமனை சார்ந்த மனோதத்துவ அறிஞர்கள் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற நியதி உண்டு. பள்ளியில் ஆலோசகராக அமர்பவருக்கு அத்தகைய பதிவு கிரமமாக நடைமுறைக்கு வரவில்லை. 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய, மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மனோதத்துவத் தொழிலையும் தன் அட்டவணையில் சேர்த்திருப்பது நம்பிக்கையூட்டும் தொடக்கம். அதன் விளைவாகவே, 2025-ஆம் ஆண்டின் கல்விப் பருவத்திலிருந்து மனோதத்துவப் படிப்பைத் தொலைநிலைக் கல்வியாகவோ இணையவழிக் கல்வியாகவோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. முகத்துக்கு முகம் பார்த்துப் பழக வேண்டிய ஒரு கலையைத் தபால் வழியே கற்பிக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆதலால் அவ்வுத்தரவை நான் வரவேற்கிறேன்.

வரவேற்கும்போதே ஒரு பெரிய நஷ்டத்தையும் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, இரவில் பிள்ளைகளைத் தூங்கவைத்தபின் பாடப்புத்தகத்தைத் திறந்து, தொலைநிலைக் கல்வியின் மூலம் இத்துறையில் பட்டம் பெற்ற ஆசிரியைகள் தமிழ்நாட்டில் கணிசமான தொகையினர். மாணவரின் துயரை நேரில் கண்டதனால் அதைத் தீர்க்கும் வழியைக் கற்க வேண்டும் என்று தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். இத்துறைக்கு அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? ஒரு கதவை மூடிய அரசு, மாவட்டத் தலைநகரங்களில் உள்ள அரசுக் கல்லூரிகளில் மாலை வகுப்புகளாக மற்றொரு கதவைத் திறக்க வேண்டும். பணியிலுள்ள ஆசிரியர்களுக்கு ஊதியத்துடன் கூடிய ஓராண்டு விடுப்பை அளித்து, களப்பயிற்சியை முடிக்கச் செய்தல் வேண்டும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தங்கிப் படிக்க வசதியுள்ளவர்களுக்கு மாத்திரமே இப்படிப்பு உரியதென்று ஆகிவிடுமானால், ராமநாதபுரத்திலும் தருமபுரியிலும் உள்ள பள்ளிகளுக்கு அவர்கள் யாரும் வந்து நிலைக்கப் போவதில்லை.

பாஷையைக் குறித்தும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை. இப்படிப்பின் நூல்களும் விரிவுரைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. பயிற்சிக்குச் செல்லும் பள்ளியிலோ பிள்ளை தன் துக்கத்தைத் தன் ஊர்த் தமிழில் சொல்கிறது. ‘மனசு பாரமா இருக்கு’, ‘படபடன்னு வருது’, ‘எதுலயும் பிடிப்பு இல்ல’ என்று பிள்ளைகள் சொல்வதில் எது சாதாரணச் சோர்வு, எது கவலைக்கிடமான நிலை என்று பகுத்தறியும் நுட்பத்தை ஆங்கிலப் பாடநூலின் அட்டவணை கற்பிக்காது. தமிழ் வகுப்பறைகளில் நிகழ்ந்த உண்மையான சந்திப்புகளைத் தொகுத்து, அடையாளம் தெரியாதவாறு மாற்றி, பயிற்சி நூல்களாக வெளியிடும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரையையும் தமிழில் எழுத விரும்புவோருக்கு அனுமதி அளிக்க வேண்டும்.

ஆலோசகரின் தர்மத்தைப் பற்றிய பாடம் இப்படிப்பில் மற்றெல்லாவற்றிலும் கடினமானது. பிள்ளை நம்பிச் சொன்னதை அந்தரங்கமாகக் காப்பது முதற்கடமை. தலைமையாசிரியர் கேட்டாலும், பெற்றோர் கேட்டாலும், அவசியமின்றி வெளியிடலாகாது. அதே சமயத்தில், ஒரு குழந்தை பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருப்பதாக அறியவந்தால் அதை உரியவர்களிடம் தெரிவித்தே தீர வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரிய குற்றம். உயிருக்கு ஆபத்து நேரிடும் என்று தோன்றினாலும் மௌனம் காப்பது தகாது. ஆகவே முதல் சந்திப்பிலேயே, எதைத் தம்மால் ரகசியமாக வைத்திருக்க முடியும், எதை முடியாது என்பதைப் பிள்ளைக்குப் புரியும் வார்த்தைகளில் சொல்லிவிடுதல் நேர்மையாகும். இந்த நான்கைந்து வாக்கியங்களைப் பயமுறுத்தாமலும் மழுப்பாமலும் சொல்வதற்கே பல நாள் ஒத்திகை தேவைப்படுகிறது. தம் ஆற்றலின் எல்லை எது, மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய கட்டம் எது என்று அறிந்திருப்பதும் இதே தர்மத்தைச் சேர்ந்தது. குறுகிய காலச் சான்றிதழை வைத்துக்கொண்டு அமர்பவர், இந்த எல்லையைத் தாண்டிச் சென்றும் தீங்கிழைப்பார். அச்சத்தினால் எல்லைக்கு வெகு தொலைவிலேயே நின்றும் தீங்கிழைப்பார்.

இதற்கு ஆசிரியர்களே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மாணவரின் முகவாட்டத்தை முதலில் காண்பவர் வகுப்பாசிரியரே என்பதும், அன்புள்ள ஓர் உபாத்தியாயரின் ஒரு சொல் எத்தனையோ வாழ்க்கைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் மதிப்பெண் போடுகிறவரிடமே தன் பயத்தை முழுவதும் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் எளிதன்று; அறுபது பேர் கொண்ட வகுப்பை நடத்தும் ஆசிரியருக்கு ஒருவருடன் ஒரு மணி நேரம் தனித்திருக்க அவகாசமும் கிடையாது. தொலைபேசி உதவி எண்கள் இருக்கின்றனவே என்று கூறுவோரும் உளர். 1986-இல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சிநேகா’ அமைப்பின் தொண்டும், 2022 முதல் இயங்கிவரும் 14416 என்ற மனநல உதவி எண்ணின் சேவையும், தமிழ்நாட்டின் 104 சேவையும் போற்றுதற்குரியவை. மனம் தாளாத எவரும், எந்த வேளையிலும், தயங்காமல் 14416-ஐ அழைக்கலாம், அழைக்க வேண்டும். ஆயினும் அந்த எண்ணை அழைக்கும் கட்டத்துக்கு வராத பிள்ளையை, வராதபடியே காக்கும் பணி பள்ளிக்குள்தான் நடைபெற முடியும்.

மற்றோர் ஆட்சேபம் ஆழமானது. பிள்ளைகளின் துன்பத்துக்குக் காரணம் பரீட்சை முறையிலும், போட்டியிலும், சமூகத்தின் பாகுபாடுகளிலும் இருக்கும்போது, அவர்களை மட்டும் தனியறையில் அமர்த்தித் தேற்றுவதால் என்ன பயன் என்பது அது. இதில் பெரும் நியாயம் இருக்கிறது. பொதுத்தேர்வில் தவறிய மாணவர்கள் ஓராண்டு வீணாகக் காத்திராமல், சில வாரங்களிலேயே மறுபடியும் எழுதித் தேறி அவ்வாண்டே மேலே படிக்க வழிசெய்யும் துணைத்தேர்வுத் திட்டத்தைத் தமிழ்நாடு கொண்டுவந்ததற்குப் பின்னணியில், தோல்வியினால் நேரும் மரணங்களைத் தடுக்கப் பாடுபட்டவர்களின் வேண்டுகோளும் இருந்தது. அது பல உயிர்களைக் காத்தது. விதியை மாற்றினால் வேதனையும் மாறும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். நான் சொல்ல விழைவது இதுதான்: எந்த விதியை மாற்ற வேண்டும் என்று ஒரு பள்ளிக்கு எடுத்துரைக்கத்தக்கவர், நாள்தோறும் பிள்ளைகளின் வாய்மொழியைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆலோசகரே. நன்கு பயின்ற ஆலோசகர், புதன்கிழமைத் தலைவலி ஒரே வகுப்பில் ஏழு பேருக்கு வருவதைக் கண்டால், ஏழு பேருக்கும் ஆறுதல் கூறுவதோடு நில்லாமல், விடைத்தாளைத் திருப்பித்தரும் முறையை மாற்றுமாறு தலைமையாசிரியரிடம் பேசுவார். அப்படிப் பேசும் துணிவையும் முறையையும் கற்பிப்பது இம்மேற்படிப்பின் பாடங்களுள் ஒன்றாக வேண்டும்.

படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இடம் எங்கே என்பது கடைசிக் கேள்வி. 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம், உயர்கல்வியையும் தொழிலையும் குறித்த வழிகாட்டுதலை அரசுப் பள்ளிகளின் வாயிலுக்கே கொண்டுவந்து, முதலியார் குழு கண்ட கனவின் ஒரு பாதியை நனவாக்கியிருக்கிறது. மனத்தைக் குறித்த மறுபாதி மிஞ்சியிருக்கிறது. தொகுப்பூதியத்தில் பத்து மாதங்களுக்கு நியமித்துக் கோடை விடுமுறையில் அனுப்பிவிடப்படும் ஆலோசகரிடம், ஒன்பதாம் வகுப்பில் மனம் திறந்த பிள்ளை பத்தாம் வகுப்பில் மறுபடியும் புதியதொரு முகத்தின் முன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. விளையாட்டுச் சாமான்கள் அடுக்கிய அறையின் ஒரு மூலையில், கதவில்லாத இடத்தில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் எட்டிப்பார்க்க, இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு எந்தப் பிள்ளையிடமும் உண்மையை வரவழைக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் அமர்த்தப்பட்ட ஆலோசகரையே, ஆசிரியர் வராத நாளில் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும் அனுப்புவது, படித்த படிப்பையும் நாடி வந்த பிள்ளையையும் ஒருசேர அவமதிப்பதாகும்.

எனவே அரசு செய்யத்தக்கவை இவை. ஆசிரியர் பணியிடத்துக்குச் சமமான ஊதியமும் நிரந்தரமும் உடைய ஆலோசகர் பதவியை உருவாக்கி, முதற்கட்டமாக மேல்நிலைப் பள்ளிகளிலேனும் நிரப்ப வேண்டும். கோத்தாரி குழு கூறியபடி, சிறு பள்ளிகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து ஒருவரைச் சுற்றிவரச் செய்ய வேண்டும். அப்பதவிக்கு ஈராண்டு மேற்பட்டப் படிப்பையும், அதில் மேற்பார்வையுடன் கூடிய 600 மணி நேரப் பள்ளிக் களப்பயிற்சியையும் தகுதியாக விதிக்க வேண்டும். மேற்பார்வை செய்யும் பேராசிரியர் ஒருவரின் பொறுப்பில் எட்டுப் பத்துப் பேருக்குமேல் இருக்கலாகாது. ஐம்பது பதிவேடுகளை ஒருவரிடம் கொடுத்தால் பென்சில் கோடு விழாது, கையொப்பம் மட்டுமே விழும். தனியார் பள்ளிகள் சட்டத்தைத் திருப்திப்படுத்துவதற்கென்று யாரோ ஒருவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதிவைப்பதைத் தடுக்க, ஆலோசகர்களுக்கென்று மாநிலப் பதிவேடு ஒன்றும் வேண்டும். இதற்குப் பணம் செலவாகும், அச்செலவு மிகுதிதான். ஆனால் ஒரு மாணவனைப் பன்னிரண்டு ஆண்டுகள் படிக்கவைக்கச் செலவிடும் தேசம், அந்தப் படிப்பை அவன் தாங்கி நிற்பதற்கு வேண்டிய துணையில் மாத்திரம் சிக்கனம் பிடிப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது.

இத்துறையில் மேற்படிப்புப் படிக்க எண்ணும் இளைஞர்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பிறருக்கு நல்வழி காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தோடு நீங்கள் வருகிறீர்கள். அந்த ஆர்வம் உத்தமமானது. சேரப்போகும் கல்லூரியில் கட்டணத்தையும் கட்டடத்தையும் விசாரிப்பதற்கு முன்னால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பள்ளியில் பயிற்சி, உங்கள் பதிவேட்டை வாசிப்பவர் யார், அவரே எத்தனை ஆண்டுகள் மாணவருடன் அமர்ந்து பழகியவர் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேறிடம் தேடுங்கள். இந்தக் கேள்விகளைப் போதுமான பேர் கேட்கத் தொடங்கினால் கல்லூரிகள் பதில் சொல்லும்படி தம்மைத் திருத்திக்கொள்ளும். பதில் சொல்லத்தக்க கல்லூரிகளில் பயின்றவர்கள் பள்ளிகளுக்குள் நுழையும்போதுதான் உச்ச நீதிமன்றத்தின் கட்டளை காகிதத்திலிருந்து காரியமாகும். 1953-இல் ஒரு தமிழர் தலைமையில் எழுதப்பட்ட சிபாரிசைத் தமிழ்நாடே முதலில் முழுமையாக நிறைவேற்றிக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதற்கு வேண்டிய கல்லூரிகளும், ஆர்வமுள்ள ஆசிரியர்களும், கற்க வரும் இளைஞர்களும் இம்மாநிலத்தில் இருக்கிறார்கள்.